பத்தாம் பக்கத்தின் அடியில்

"எம்புட்டு?"

மில் பஸ்ஸில் ஏறி நான் பையை மடியில் வைப்பதற்குள் அக்கா கேட்டுவிடுவார். சாப்பிட்டாயா, உங்கள் ஊர்ப் பக்கம் மழை உண்டா, அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது என்று மற்றவர்கள் விசாரிப்பதெல்லாம் அவரிடம் கிடையாது. நேற்று எத்தனை பக்கம் படித்தாய் என்பதுதான் அவருடைய காலை வணக்கம்.

"பத்துக்கா" என்பேன்.

"விட்றாத. ஒரு நாள் விட்டா மறுநாளும் விடச் சொல்லும்."

நான் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டேன். ஆனால் படித்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு நன்றாகத் தெரியும். வ. புதுப்பட்டியில் எங்கள் வீட்டில் தினமும் சாயந்தரம் குடும்ப ஜெபம். அம்மா வேதத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பாள். முடித்ததும் எங்களில் யாரையாவது பார்த்து, என்ன வாசித்தேன் சொல் என்பாள். கடைசி வசனத்தை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு மீதி நேரம் கண்ணைத் திறந்தபடியே தூங்குவதற்குப் பத்து வயதிலேயே பழகியவள் நான். அந்த வித்தைதான் அக்காவிடமும் கைகொடுத்தது. இதெல்லாம் ஒரு பொய்யா என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஐந்து வருஷம் இருக்கும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில், ஆட்களின் வருகையையும் லீவையும் பதிகிற வேலை எனக்கு. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். அக்கா குவாலிட்டி லேபில் இருந்தார். நூலை மிஷினில் மாட்டி இழுத்து, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று பார்த்து எழுதுகிற வேலை. என் ஆபீஸ் கேட் பக்கம், அவருடைய லேப் கடைசிக் கட்டடம். மத்தியானச் சாப்பாடு அவருக்கு அவர் வீட்டுக்காரரோடு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வருகிற காலை அரை மணியும், திரும்பிப் போகிற சாயந்தர அரை மணியும்தான் எங்கள் மொத்தச் சிநேகம். அதிலும் முன் சீட்டில் அவருடைய நாத்தனார் இருப்பார். பின்னால், கடைசி சீட்டின் நடுவில், எங்கள் மில்லிலேயே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்த அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார்.

அக்காவின் போனும் அங்கேதான் இருக்கும், அவருடைய சட்டைப் பையில். "இவ பேக்ல வச்சா எங்கனயாவது போட்டுட்டு வந்துருவா" என்று சிரிப்பார். போன் அடித்தால் அவரே எடுத்துப் பேசிவிட்டு, என்ன விஷயம் என்பதைப் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்வார். என்ன பொறுப்பான மனுஷன் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வோம். எனக்கு வாய்க்கிற ஆளும் இப்படி இருந்தால் தேவலை என்று நானே ஒரு நாள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

இந்தப் பத்துப் பக்கப் பழக்கத்தை எங்கள் மில்லுக்குள் கொண்டுவந்து விட்டது ஒரு பேச்சாளர். எச்.ஆர். ஆட்கள் கூப்பிட்டு வந்தார்கள். கோட்டுப் போட்டு வியர்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் பேசினார். தினம் பத்தே பக்கம், ஒரே வருஷம், நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள் என்றார். பத்துப் பக்கம் முடிந்ததும் இன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு வரி எழுதச் சொன்னார். எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். ஆளுக்கொரு புத்தகம் கிடைத்தது. அட்டையில் ஒருவன் மலை உச்சியில் நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருப்பான். மூன்றாம் நாளே அந்த ஆள் எங்கள் ஆபீஸில் ஃபேன் காற்றுக்குக் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்துவிட்டான்.

அக்கா மட்டும் விடவில்லை. அந்தப் புத்தகம் முடிந்ததும் அடுத்தது, அதற்கடுத்தது. வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்தார். எல்லாம் முன்னேற்றப் புத்தகங்கள். கதைப் புத்தகம் மட்டும் கூடாது, அது பொம்பளைகள் மனசைக் கெடுக்கும் என்பது அவர் கட்சி. அக்கா கொண்டையில் ஒரு துண்டுப் பென்சில் செருகியிருப்பார். பத்தாம் பக்கம் முடிந்ததும் அதை உருவி, பக்கத்தின் அடியில் எறும்பு மாதிரி சின்னதாக ஏதோ எழுதுவார். எழுதியதும் புத்தகத்தை மூடிவிடுவார். வாக்கியம் பாதியில் நின்றாலும் பதினோராம் பக்கத்துக்குப் போக மாட்டார்.

ஒரு நாள் சாயந்தரம் வழியில் பஸ் நின்றுவிட்டது. மாற்று பஸ் வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார் டிரைவர். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஜன்னலில் மலை பக்கத்தில் தெரிந்ததே தவிர ஒரு பொட்டுக் காற்று இல்லை. அக்கா அன்றைக்குரிய பத்துப் பக்கத்தை முடித்திருந்தார். மூடிய புத்தகத்தை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, முன் சீட்டுக் கம்பியைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரமும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் பத்துப் பக்கம் படிங்களேன்க்கா. நேரம் போகும்ல?"

"நாளைக்குள்ளதை இன்னைக்கே தின்னுட்டா நாளைக்கு என்னத்தட்டி திங்க?"

கஞ்சத்தனமாகப் படிக்கிற ஒரு ஆளை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். வீட்டில் போய் இதைச் சொல்லிச் சிரித்தேன். ஒரு நாளில் அவருக்கென்று இருந்தது அந்தப் பத்துப் பக்கம் மட்டும்தான் என்பது எனக்கு எங்கே தெரியும்?

மில் ஆண்டு விழாவில் அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் விடாமல் படித்தவர் அவர் ஒருவர்தான். படிப்பதால் என்ன முன்னேற்றம் என்று இரண்டு நிமிஷம் பேச வேண்டும். அன்றைக்குக் காலை பஸ்ஸில் உதட்டை அசைத்து அசைத்துப் பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் மேடையில் மைக்கை வாங்கியவர் அவர் வீட்டுக்காரர். "அவளுக்குக் கூச்சம். நானே சொல்லிருதேன்" என்று ஆரம்பித்து, மனைவியைப் படிக்க வைப்பது ஒரு கணவனின் கடமை என்று பத்து நிமிஷம் பேசினார். நல்ல கைதட்டல். தனக்குப் போட்ட சால்வையைப் பிடித்துக்கொண்டு அக்கா பக்கத்தில் நின்றார். நானும் தட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை சாயந்தரம் பஸ்ஸில், தான் படித்து முடித்த ஒரு புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

"இதை நீ படி. தெனம் பத்துத்தான். கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

வைத்த கையை அவர் உடனே எடுக்கவில்லை. எனக்குச் சிக்கிக்கொண்டோமே என்று இருந்தது. மில்லில் கொடுத்த புத்தகத்தைப் படித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்த வரை பிரச்சினை இல்லை. இது அவருடைய சொந்தப் புத்தகம். இனி குறுக்கே கேள்வி கேட்பாரே. பொருளடக்கத்தைப் பார்த்துத் தலைப்புகளை மனப்பாடம் செய்துகொண்டேன். அந்த மாதிரிப் புத்தகங்களில் அது போதும். எந்த அத்தியாயத்திலும் உன்னால் முடியும் என்றுதான் போட்டிருக்கும்.

"எம்புட்டு?"

"பத்துக்கா."

மறுநாள் இருபது, அதற்கு மறுநாள் முப்பது. அம்மாவுக்குக் கடைசி வசனம் சொன்ன மாதிரி அக்காவுக்குத் தலைப்புச் சொன்னேன். அவர் ஒவ்வொரு நாளும் என் முகத்தை உற்றுப் பார்ப்பார். எதையோ தேடுகிற மாதிரி இருக்கும். பிறகு "சரி, விட்றாத" என்பார்.

எண்பது சொல்ல வேண்டிய காலையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் படியேறும்போதே என் பையைப் பார்த்தார். ஒரு டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் நுழைகிற சின்னப் பை அது.

"எம்பதா?"

"எம்பதுக்கா."

"அடி வரைக்கும் படிச்சியா?"

"அடி வரைக்கும் படிச்சேன்க்கா. சூப்பரா இருக்கு."

அக்கா தலையை ஆட்டினார். "சரி" என்றார். விடாதே என்று சொல்லவில்லை. மறுநாளும் பையைத்தான் பார்த்தார். அதற்கு அடுத்த நாளும். நான் என்ன சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று பார்க்கிறார் போல என்று நினைத்து, "எலுமிச்சஞ்சாதம்க்கா" என்றேன்.

அந்த வாரத்தோடு அவர் எம்புட்டு என்று கேட்பதை நிறுத்திவிட்டார். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனால், "நீயே வச்சுக்க" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்குப் பரீட்சை முடிந்த மாதிரி நிம்மதியாக இருந்தது. சில மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டார். கர்ப்பம் என்று அவர் வீட்டுக்காரர்தான் பஸ்ஸில் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். அக்கா அன்றைக்கு வரவில்லை. அவர் சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

போன மாதம் கேன்டீனில் ஒரு புத்தக அலமாரி வைத்தார்கள். ஆளுக்கொரு புத்தகம் கொடுக்க வேண்டும், உள்ளே கிறுக்கல் இருக்கக் கூடாது என்று எச்.ஆரில் உத்தரவு. என் டிராயரின் அடியில் அக்காவின் புத்தகம் கிடந்தது. எடுத்துப் புரட்டினால் பத்தாம் பக்கத்தின் அடியில் பென்சில் எழுத்து. ரப்பரை எடுத்து அழித்தேன். என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. இருபதாம் பக்கத்தில் ரப்பரை வைத்த பிறகுதான், 'போனு' என்ற சொல் கண்ணில் பட்டது.

"இன்னைக்கு: அம்மாட்டப் பேசணும். போனு கைக்கு வந்தா."

முப்பதாம் பக்கம், மறுக்கத் துணிய வேண்டும் என்கிற அத்தியாயத்தின் முடிவு. அதன் அடியில், "இன்னைக்கு: ஒரு தடவையாவது மாட்டேன்னு சொல்லணும்." நாற்பதில், "சொன்னேன்." ஐம்பதில், "இனிமே சொல்ல மாட்டேன்."

அக்காவுக்குக் காய்ச்சல் என்று ஒரு தடவை மூன்று நாள் அவர் வீட்டுக்காரர் மட்டும் பஸ்ஸில் வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. லீவு போட்டது என் கையால்தான். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று நான்தான் டைப் அடித்தேன்.

அறுபதில், "இன்னைக்கு மேடையில நான் பேச வேண்டியது. அவிய பேசுனாவ." எழுபதில், "இன்னைக்கு ஒண்ணும் செய்ய முடியல. பத்துப் பக்கம் படிச்சிட்டேன்."

எண்பதாம் பக்கத்தில் எழுத்து அடியில் அடங்காமல் ஓரத்தில் ஏறி மேல் வரைக்கும் போயிருந்தது. புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது.

"ஏட்டி, நீ இதைப் படிக்கும்போது எட்டாவது நாள். கோயம்புத்தூர்ல ஒரு மில்லு லேபுல வேலை இருக்கு. தங்க ஹாஸ்டலும் உண்டு. சர்டிபிகேட்டு வீட்டுல இருந்தா நான் போக முடியாது. ஒவ்வொண்ணா எடுத்தாந்து உங்கிட்டத் தாரேன், வச்சிருப்பியா? சரின்னா நாளைக்குப் பெரிய பையாக் கொண்டா. முடியாதுன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

நான் ஒன்றும் சொல்லாமலாவது இருந்தேனா? அடி வரைக்கும் படித்தேன், சூப்பராக இருக்கிறது என்று சொன்னேன். எலுமிச்சஞ்சாதம் என்று சொன்னேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதைவிட, அந்தப் பத்தாம் பக்கத்தில் என்ன எழுதியிருந்தார் என்பது என்னைப் போட்டுப் படுத்தியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும், என் அண்ணன் ஊருக்குப் போகும்போது கொண்டுபோகிற டிராவல் பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். கேன்டீன் அலமாரிக்குப் புத்தகம் கேட்டு வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது. அக்கா என்னை அடையாளம் தெரியாதது போல நின்றுவிட்டால் என்ன செய்வது?

கதவைத் திறந்தது அவர்தான். இளைத்திருந்தார். சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று. கொண்டையில் பென்சில் இல்லை. என் முகத்தைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். பையைப் பார்த்த கண் அங்கேயே நின்றது.

"யாரு அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஹாலில் அவர் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். டீப்பாயில் அவர் போன், அதன் பக்கத்தில் பூப்போட்ட கவரில் அக்காவின் போன். என்னைப் பார்த்ததும் எழுந்து வரவேற்றார். கேன்டீன் அலமாரி விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். சுவரோரம் கண்ணாடி அலமாரியில் அக்காவின் புத்தகங்கள் எல்லாம் உயரவாரியாக அடுக்கியிருந்தன.

"பாத்தியளா, வீட்டுலயே ஒரு லைப்ரரி. எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோங்க."

அத்தனை பக்கங்களின் அடியிலும் அக்காவின் கையெழுத்து இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் வீட்டுக்காரர் அதைக் காட்டிக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. இதில் அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "நீங்க குடுத்தீங்கள்லக்கா ஒரு புத்தகம்? அதுல எம்பதாம் பக்கம் இப்பத்தான் வந்தேன். இந்த வாரந்தான் வந்தேன்."

"அஞ்சு வருஷமா எம்பது பக்கமா?" அவர் வீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லாப் படிச்சீங்க போங்க!"

அக்கா சிரிக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. சட்டென்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "தூசியாக் கெடக்கும், தொடச்சித் தாரேன்" என்று அலமாரியிலிருந்து ஆறேழு புத்தகங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அவர் வீட்டுக்காரர் எனக்குக் கலர் ஊற்றிக் கொடுத்து, படிப்பின் பெருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேடையில் பேசிய அதே பேச்சு. நான் தலையை ஆட்டிக்கொண்டு அடுப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்து புத்தகங்களை அவரே பையில் அடுக்கினார். மேலாக வைத்த ஒன்றைக் கையால் அழுத்தினார்.

"மத்ததை மெதுவாப் பாத்துக்கலாம். இதை நீ படி."

"படிக்கேன்க்கா."

"எம்புட்டு?"

"பத்துக்கா" என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு வரி விடவில்லை. உன்னால் முடியும் என்றுதான் அதிலும் போட்டிருந்தது. பத்தாம் பக்கத்தின் அடியில், பழைய வரிக்குக் கீழே, புது எழுத்து கோணல்மாணலாக இருந்தது. பென்சில் கரி இன்னும் விரலில் ஒட்டியது.

"இந்தப் பை காணாது. இப்ப நாங்க ரெண்டு பேரு."

அடுத்த பத்தை நாளைக்கு என்று வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அக்கா திட்டினால் திட்டட்டும். இருபதாம் பக்கத்தைப் புரட்டினேன்.

"வியாழக்கிழமை பத்து மணிக்குப் பாப்பாவைப் பால்வாடியில விட வருவேன். நான் மட்டுந்தான்."

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. எதிரே இருந்த பைக்கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரியதை எடுக்கச் சொன்னேன்.